மழைக்கால விடுமுறையில் செட்டிநாடு: பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

கோவை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்குப் பூர்விகம் பள்ளத்தூர். நாங்கள் இருப்பது கோவையில். இந்த முறை தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே வந்து, அப்புறம் ஒரு வாரம் கூடத் தங்குவதாக இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து.

போன வருடம் காலாண்டு விடுமுறையில் வந்தபோது வாடகை வண்டி பிடித்து ஒரே நாளில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று நான்கு இடம் போனோம். மூன்றாவது இடத்திலேயே மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். கானாடுகாத்தானில் மகன் வண்டியை விட்டே இறங்கவில்லை. "எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கு, நான் எதுக்கு வரணும்?" என்றான். அன்று இரவே சின்னவளுக்குக் காய்ச்சல். மீதி நாட்களை வீட்டில் கைபேசியோடு கழித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

அவன் சொன்னது இன்னும் மனதில் உறுத்துகிறது. இது அவனுடைய ஊர். அவன் கொள்ளுப்பாட்டனார் பர்மாவில் இருந்து சம்பாதித்து வந்து கட்டிய வீடு. அதைச் சுற்றுலாக்காரர்கள் மாதிரி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சின்னவள் வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது உள்ளே தள்ளி இருக்கிற இரண்டாவது பகுதியை, தாண்டிப் போகவே பயப்படுகிறாள். இருட்டாக இருக்கிறதாம், யாரோ இருக்கிறார்களாம்.

இந்த முறை மழையும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி அடைமழையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எங்கே போவது? பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்பத்தூரான்

தங்கச்சி, நீங்கள் தீபாவளிக்கு வருவதால் முதலில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். திருப்பத்தூரில் இருந்து மேலூர் போகிற வழியில் இருக்கிறது. பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்தது, 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறினால்தான் பறவை வரும், அதனால் மழையைக் கண்டு தயங்கவே வேண்டாம்.

கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில்தான் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், நத்தையை ஓட்டில் இருந்து எடுப்பதற்குத் தோதாக அமைந்த அலகு. கரண்டிவாயனுக்கு அலகு நிஜமாகவே கரண்டி மாதிரி இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகூட ஒரு தடவை பார்த்தால் பெயரை மறக்காது.

கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குஞ்சுகள் பயந்துவிடும் என்பதுதான் காரணம். அங்கே இருக்கிற பிள்ளைகளும் அப்படியேதான் வளர்கிறார்கள். வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்புக் கொடுத்துப் பாராட்டுவது வழக்கம். உங்கள் மகனை அந்த ஊர்ப் பையன்கள் யாரிடமாவது பேச விடுங்கள். எங்கள் வீட்டுப் பையன் ஏழு வயதில் அங்கே போய் வந்த பிறகு அந்த வருடம் அவனாகவே சரவெடி வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

காலை ஆறு மணியில் இருந்து எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

கண்டனூர் ஆச்சி

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நான் 31 வருடம் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். எனக்கு மூன்று பேரப்பிள்ளைகள், மூன்று பேரும் பெங்களூரு. நீங்கள் சொன்ன அதே சங்கடத்தை நானும் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகன் சொன்னதில் தப்பு இல்லை. வாசலில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கு எல்லா வீடும் ஒரே மாதிரிதான். கையில் வேலை கொடுத்தால்தான் பிள்ளைக்கு இடம் சொந்தமாகும். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும், அதுவும் அரை நாள். மீதி அரை நாள் வீட்டில்.

வீட்டில் இருந்தே ஆரம்பியுங்கள். சின்னவள் இரண்டாங்கட்டுக்குப் பயப்படுகிறாள் என்றால் அவள் கையில் சாவிக்கொத்தைக் கொடுங்கள். நம் வீட்டுச் சாவிகள் அவள் முழங்கை நீளம் இருக்கும். பகல் பத்து மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போது, அவளே முன்னால் போய் ஒவ்வொரு அறையாகத் திறக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். என் கடைசிப் பேத்தி அப்படித்தான் பயம் தெளிந்தாள். மூன்றாம் நாள் அவளே என்னைக் கூப்பிட்டு, "அப்பத்தா, இந்த ரூம் இன்னும் திறக்கலை" என்றாள்.

சாமான் அறையைத் திறந்ததும் பெரியவனுக்கு வேலை இருக்கிறது. சீர் வந்த பித்தளை, எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும், அல்லது விலாசத்தின், அதாவது குடும்பப் பெயரின், முதலெழுத்துகள் இருக்கும். எது அவன் அப்பத்தாவுக்கு வந்த சீர், எது அவருடைய மாமியாருக்கு வந்தது என்று அந்த எழுத்தை வைத்தே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மங்குச் சாமான்களை, அதாவது எனாமல் பூசிய பாத்திரங்களை, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நாட்டின் பெயர் முத்திரை இருக்கும். எங்கள் வீட்டில் சுவீடன் இருக்கிறது, செக்கோஸ்லோவாகியா இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது. பெரிய பேரன் ஒரு உலகப் படத்தைத் திண்ணையில் விரித்து வைத்து ஒவ்வொரு தூக்குச்சட்டிக்கும் ஒரு புள்ளி வைத்தான். செக்கோஸ்லோவாகியாவைத் தேடித் தேடிக் கிடைக்காமல் என்னிடம் வந்தான். அப்படி ஒரு நாடு 1993-ல் இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தூணுக்குப் பர்மாத் தேக்கு எப்படி வந்தது, கொள்ளுப்பாட்டனார் எதில் போனார், எத்தனை நாள் ஆகும் என்று அன்று சாயங்காலம் முழுக்கக் கேள்வி. வகுப்பறையில் எனக்கு இப்படி ஒரு பாடம் அமைந்ததே இல்லை.

அடுத்தது மழை. மழை வந்தால் வெளியே போக முடியாதே என்று கவலைப்படுகிறீர்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி இருக்கிற தாழ்வாரத்தில், உட்கார்ந்து முற்றத்தில் மழை இறங்குவதைப் பார்ப்பதற்கு ஈடாக இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை என்று நான் சொல்வேன். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலும் தண்ணீர் இறங்கி, தூம்பு வழியாக மூலைகளில் கொட்டும்போது பேசினால் காது கேட்காது. முதல் மழை ஓட்டில் இருக்கிற தூசியைக் கழுவட்டும், அதைப் பிடிக்க வேண்டாம். அடுத்த மழைக்கு அண்டாவை வைத்து, வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். எங்கள் சின்ன வயதில் பருப்பு வேக இந்தத் தண்ணீர்தான்.

உங்கள் மகனுக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். நேராக நிற்கிற, அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு கண்ணாடிப் பாட்டிலை முற்றத்து நடுவில், தூம்புத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மழை விட்டதும் அடிக்குச்சியால் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கட்டும். 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1 லிட்டர். முற்றத்தை அடி வைத்து அளந்து கணக்குப் போட்டால் எத்தனை குடம் தண்ணீர் வந்தது என்று அவனே சொல்லிவிடுவான். அப்புறம் ஓட்டுக்கூரையையும் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போகும். மறுநாள் பேப்பரில் மாவட்ட மழை அளவு வரும், காரைக்குடிக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று ஒத்துப் பார்க்கலாம்.

மழை விட்ட மறுநாள் காலையில் ஊரணி, கண்மாய்ப் பக்கம் நடந்து போங்கள். செம்மண்ணில் தம்பலப்பூச்சி வந்திருக்கும். சிவப்பு வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்ட மாதிரி ஊர்ந்து போகும். நாங்கள் தீப்பெட்டியில் அடைத்து வைத்து வளர்த்தோம், அது பாவம் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளங்கையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். தெருவில் ஓடுகிற மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று காகிதக் கப்பல் விட்டுப் பின்னாலேயே போகலாம். நம் ஊர்களில் தெரு வாய்க்கால் ஊரணிக்குத்தான் போய்ச் சேரும்படி போட்டிருப்பார்கள். எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒன்றே ஒன்று, கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரணிப் படித்துறையில் மழைக்காலத்தில் பாசி பிடித்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் நடுப் பேரன் மூன்றாவது படியில் வழுக்கி விழுந்து மோவாய் கிழிந்து நாலு தையல் போட்டோம். நான் ஒரு கையெட்டுகிற தூரத்தில்தான் நின்றேன், அப்படியும் பிடிக்க முடியவில்லை. அன்றில் இருந்து மேல்படிக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது, பெரியவர்கள் உட்பட. கண்மாயில் கரையோடு சரி. மழைக்குப் பிறகு ஆழம் யாருக்கும் தெரியாது.

வெளியே போகிற இடங்களில் ஆத்தங்குடியை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த முறை பெரிய வீட்டுக்கு இல்லை, தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுகிற பட்டறைக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் ஒரு சாயம் இன்னொன்றோடு கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும், பின்னாலே ஈரக் கலவை. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கொஞ்சம் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறும். கண்ணாடியில் இருந்து கழற்றும்போதுதான் அந்தப் பளபளப்புத் தெரியும், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. வேலை செய்கிறவர்களிடம் பணிவாகக் கேட்டால் ஒரு கல்லுக்குச் சாயம் ஊற்ற விடுவார்கள். அவர்களுக்குக் கல் கணக்கில் கூலி, நம்மால் நேரம் போகிறது, அதனால் பிள்ளை கையால் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், அடைமழையில் காய வைக்க முடியாமல் வேலையை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பிள்ளைகள் தானாகவே தரையைப் பார்ப்பார்கள்.

கானாடுகாத்தானில் செட்டிநாடு அரண்மனை குடும்பத்தாரின் சொந்த வீடு, வெளியில் இருந்துதான் பார்க்க முடியும். வெளியில் இருந்து பார்ப்பதே நல்லது. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒரு தெரு முழுக்க நடந்து, முகப்புச் சுதை வேலையில் எத்தனை கஜலட்சுமி, எத்தனை கிளி, வெள்ளைக்காரச் சிப்பாய் எங்கேயாவது நிற்கிறானா என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரே மாதிரி இருக்கிறது என்று சொன்ன பையன் வித்தியாசம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவான்.

தீபாவளிக்கு முன்னாலேயே வருகிறீர்கள் அல்லவா, பலகாரம் செய்கிற நாளில் பிள்ளைகளை அடுப்படியில் இருந்து விரட்டாதீர்கள். எண்ணெய்ச் சட்டி பக்கம் மட்டும் விட வேண்டாம். தேன்குழல் அச்சைப் பிடித்துப் பிழிய ஒன்பது வயதுக் கைக்குத் தெம்பு உண்டு, ஈரத் துணியில் பிழியட்டும். சீப்புச் சீடைக்குச் சின்னவள் போதும். புதுச் சீப்பை நன்றாகக் கழுவி, மாவை அதன் மேல் அழுத்தி, விரலைச் சுற்றி வளைத்து ஓரத்தை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். கோணலாக வந்ததையும் பொரித்து அவளுக்கே கொடுங்கள்.

இனி காலாண்டு விடுமுறையில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விஜயதசமி அன்று காரைக்குடி மகர்நோன்புப் பொட்டலுக்குப் போங்கள். சாமி எழுந்தருளி அம்பு போடுவதைத் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை வளர்ந்த பிறகும் மறக்காது.

புதுக்கோட்டை அப்பா

ஆச்சி சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. மழை இல்லாத ஒரு நாள் கிடைத்தால் திருமயம் கோட்டைக்குப் போங்கள். காரைக்குடியில் இருந்து புதுக்கோட்டை போகிற வழிதான். சேதுபதி மன்னர் காலத்தில், 1687-ல் கட்டியது. மேலே பீரங்கி இருக்கிறது, அது ஒன்றே பையனுக்குப் போதும். ஏறுகிற வழியில் பாறையைக் குடைந்த சிறிய சிவன் சன்னதிக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும், ஐந்து வயதுக்கு அதை விட்டுவிடுங்கள். தொல்லியல் துறை பராமரிப்பு, 15 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு வேண்டாம்.

அந்த மாதிரி நாளில் நான் சித்தன்னவாசல் போவேன். குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். மீன், அன்னம், யானை எல்லாம் அதில் ஒளிந்திருக்கும். என் மகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடச் சொன்னேன், எனக்குத் தெரியாத ஒரு மீனை அவள்தான் காட்டினாள்.

ஊர் திரும்பும்போது மதுரை வழியாகப் போவதாக இருந்தால் கீழடி அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 2023-ல் திறந்தது, கட்டடமே செட்டிநாட்டுப் பாணி. தாய விளையாட்டுக் காய்களையும் பகடையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முந்தின நாள் வீட்டில் தாயம் ஆடிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

கோவை மருமகள்

ஊருக்குத் திரும்பிவிட்டோம். உடனே எழுத வேண்டும் என்று இருந்தேன், பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் இன்றுதான் முடிந்தது.

ஆச்சி, சாவிக்கொத்து முதல் நாளே வேலை செய்தது. மகள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கினாள். மங்குச் சாமானில் எங்களுக்கும் சுவீடன் கிடைத்தது. என் மாமியார் இருபது வருடமாகத் திறக்காத ஒரு பெட்டியைப் பிள்ளைகளுக்காகத் திறந்தார், அதில் அவருடைய சின்ன வயதுச் சொட்டாங்கற்கள் இருந்தன. உட்கார்ந்து ஆடிக் காட்டினார். முட்டிவலி இருந்தும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் நல்ல மழை. பாட்டிலில் 38 மில்லிமீட்டர். முற்றம் 20 சதுர மீட்டர் என்று மகன் அளந்து வைத்திருந்தான், 760 லிட்டர் என்று கணக்குப் போட்டு ஊரில் இருக்கிற சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் போன் பண்ணிச் சொன்னான். ஆத்தங்குடிக்குப் போக முடியவில்லை, வெயிலே வரவில்லை.

வேட்டங்குடிக்குத் தீபாவளிக்கு முதல் நாள் போனோம். திருப்பத்தூர் அண்ணா சொன்னபடி சின்னவள் கரண்டிவாயனைப் பார்த்துவிட்டாள். இப்போது சாப்பாட்டு மேசையில் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டுதான் உட்காருகிறாள். அண்ணா, உங்களுக்கு ரொம்ப நன்றி.

கார்த்திகைக்கு ஒரே ஒரு நாள் வருகிறோம், பிள்ளைகள் கேட்டு வாங்கிய நாள் அது. என் கணவர் சின்ன வயதில், தீப்பொறி பறக்கச் சுற்றுகிற மாவளி சுற்றியதாகச் சொல்கிறார், ஆனால் செய்வது எப்படி என்று அவருக்கு நினைவில்லை. யாராவது சொல்ல முடியுமா?

கண்டனூர் ஆச்சி

உங்கள் மாமியார் சொட்டாங்கல் ஆடியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது அம்மா. நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மாவளிக்கு ஆண்பனையின் காய்ந்த பாளை வேண்டும். குழி தோண்டி அதில் போட்டுக் கொளுத்தி, கனன்று வரும்போது மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் எடுத்தால் கரியாகியிருக்கும். சாம்பலாக விட்டுவிட்டால் பொறி வராது. அதை நைசாக இடித்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய பருத்தித் துணியில் விரல் பருமனுக்கு நீளமாகச் சுருட்டி இறுக்கிக் கட்டுங்கள். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் அதை வைத்துக் கட்டி, நுனியில் நீளக் கயிறு. மேலே ஒரு நெருப்புத் துண்டை வைத்து ஊதி, கனிந்ததும் சுற்றினால் தலைக்கு மேலே பொன்னாகப் பூக்கும்.

அப்பா சுற்றட்டும், பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும். எல்லோருக்கும் பருத்தி உடுப்பு. வைக்கோல் இல்லாத வெட்டவெளியாக, மழை ஈரம் இருக்கிற தரையாகப் பாருங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் கயிறு அவன் கைக்குப் போகலாம்.

ஒரே நாளில் வந்து பாளை தேடிக் கரி சுட உங்களுக்கு நேரம் இருக்காது. எங்கள் தோட்டத்தில் பொறுக்கிய பாளை ஒரு சாக்கு இருக்கிறது, நானே முந்தின நாள் சுட்டு இடித்து வைத்துவிடுகிறேன். வீட்டு விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வரும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், துணி சுருட்டுவதை அவர்களே செய்யட்டும்.